வினைச்சொல்லா, வீட்டுச்சொத்தா?

இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு, பத்து வயதுப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் ஒரு தேர்வு எழுதுகிறார்கள். 'லெவன் பிளஸ்' என்று பெயர். கட்டணம் வாங்காத, ஆனால் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் 'கிராமர்' பள்ளிகளில் நுழைய இதுதான் வாசல். நாட்டில் இப்படிப்பட்ட அரசுப் பள்ளிகள் 163 மட்டுமே. அரசு இடைநிலைப் பள்ளிகளில் படிப்போரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் அங்கே இடம்.

ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றோடு 'வெர்பல் ரீசனிங்' எனப்படும் சொல்வழித் தருக்கமும் பல பகுதிகளில் இந்தத் தேர்வில் உண்டு. அதற்கான பயிற்சித் தாள்களின் வழக்கமான அளவு 50 நிமிடத்துக்கு 80 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 37 விநாடி. இரண்டு அடைப்புக்குறிகளுக்குள் மும்மூன்று சொற்கள் இருக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என எடுத்துப் பொருள் நெருங்கிய இணையைக் காட்ட வேண்டும். 'ஹைட், பில்ட், சிங்' என்று ஒருபுறமும், 'டிக், கன்சீல், ஷவுட்' என்று மறுபுறமும் இருந்தால், மறைப்பதைக் குறிக்கும் 'ஹைட்', 'கன்சீல்' இரண்டும் விடை. இது எளிய கேள்வி. போகப் போகச் சொற்கள் கடுமையாகும்.

லண்டனைச் சுற்றி சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், ரெட்பிரிட்ஜ் ஆகிய இடங்களில் கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல இந்த வட்டாரங்களில் வாழ்கின்றன. இலங்கையில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தக் காலத்தில் வேர்விட்ட ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதி வளர்ந்த பெற்றோருக்குப் பத்து வயதில் பரீட்சை என்பது பழகிய சங்கதி. ஆகவே நான்காம் ஆண்டிலேயே டியூஷன் தொடங்குகிறது. இணைச்சொல் அட்டைகள் அச்சாகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் 'மாக் டெஸ்ட்'. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, 'லெவன் பிளஸ் முடியட்டும்' என்று நிறுத்தப்படுவதும் உண்டு.

பெற்றோர் செய்வதில் தவறு காண முடியாது. விதிகளை வகுத்தது அவர்கள் அல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு வினைச்சொல்லுக்கு இணைச்சொல் தெரிவது பிள்ளையின் அறிவுத்திறனைக் காட்டுகிறதா, அல்லது பிள்ளை வளர்ந்த வீட்டைக் காட்டுகிறதா? வீட்டைத்தான் காட்டுகிறது. வீட்டில் இருக்கும் புத்தக அலமாரியையும், டியூஷனுக்குக் கொடுக்க முடிந்த பணத்தையும் அளந்துவிட்டு, அதற்குத் 'திறமை' என்று பெயர் சூட்டுகிறது இந்தத் தேர்வு.

ஏழைப் பிள்ளையைத் தேடிய தேர்வு

இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லேண்ட் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. இலவச இடைநிலைக் கல்விக்கான தேர்வுக்குச் சில கிராமப்புறப் பள்ளிகளிலிருந்து ஒரு பிள்ளைகூட வருவதில்லை. அந்த ஊர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகளே இல்லையா, அல்லது பாடத்தை நன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையா? நியூகாசிலில் பேராசிரியராக இருந்த காட்ஃபிரே தாம்சனிடம் பொறுப்பு போனது. பாடம் எவ்வளவு படித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, யோசிக்கும் ஆற்றலை மட்டும் அளக்கும் தேர்வொன்றை அவர் வடிவமைத்தார். பின்னர் அவர் எடின்பரோவுக்குப் போய், 'மோரே ஹவுஸ்' தேர்வுகள் என்ற பெயரில் அந்தப் பணியைத் தொடர்ந்தார். பிரிட்டன் முழுவதும் பல மாவட்டங்கள் அவற்றை எடுத்தாண்டன. ஆக, சொற்களையும் எண்களையும் வைத்து விடுகதை போடும் இந்த முறை, நல்ல பள்ளி வாய்க்காத கிராமத்துப் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் பிறந்தது.

1944-ன் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அதைத் தொடர்ந்து பிள்ளைகளைப் பதினோராம் வயதில் தரம் பிரிப்பது நாடெங்கும் வழக்கமானது. அறிவுத்திறன் பிறவியிலேயே வருவது, அதை இளம் வயதில் அளந்துவிடலாம் என்ற உளவியலாளர் சிரில் பர்ட்டின் கருத்து அன்று செல்வாக்கோடு இருந்தது. அவர் 1971-ல் இறந்தார். 1979-ல் லெஸ்லி ஹெர்ன்ஷா எழுதிய வாழ்க்கை வரலாறு, பர்ட்டின் இரட்டையர் ஆய்வுத் தரவுகளில் புனைவு கலந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. அந்த முடிவை மறுப்போரும் இருக்கிறார்கள்; ஆனால் பழைய நம்பிக்கை பின்பு திரும்பவில்லை.

அதற்கு முன்பே தேர்வின் துல்லியத்தில் ஓட்டை தெரிந்துவிட்டது. தேர்வு முறையை எவ்வளவு கவனமாக நடத்தினாலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளை தவறான பள்ளிக்கு அனுப்பப்படுகிறது என்று தேசியக் கல்வி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு 1957-ல் கணக்கிட்டது. பயிற்சி கொடுத்தால் இந்தத் தேர்வில் மதிப்பெண் உயரும் என்பதை உளவியலாளர் பிலிப் வெர்னன் 1950-களிலேயே விவாதத்துக்குக் கொண்டுவந்தார். பிறவித் திறனை அளக்கிறது என்று சொல்லப்பட்ட தேர்வில், சில வாரப் பயிற்சியில் பலன் கிடைத்தால் அது எதை அளக்கிறது? 1965-ல் கல்வி அமைச்சர் ஆந்தனி கிராஸ்லாண்ட், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளிகளை நோக்கி நகரும்படி மாவட்டங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 1998-ன் சட்டம் புதிய கிராமர் பள்ளிகளைத் தடை செய்தது. மிச்சமிருந்தவை தொடர்ந்தன, போட்டி இறுகியது.

சொல்லுக்கும் உண்டு வர்க்கம்

வினைச்சொற்களை ஏன் குறிப்பாகப் பேச வேண்டும்? குழந்தைகள் பெயர்ச்சொற்களை முந்தியும் வினைச்சொற்களைப் பிந்தியும் கற்கிறார்கள் என்று உளவியலாளர் டெட்ரே ஜென்ட்னர் 1982-ல் விளக்கினார். நாயைச் சுட்டிக் காட்டிப் பெயர் சொல்லிவிடலாம். தயங்குவதை, சமாளிப்பதை, சாடையாகத் தவிர்ப்பதை எப்படிச் சுட்டிக் காட்டுவது? அவை நிகழும் சூழலில் இருந்து, யாரோ அந்தச் சொல்லை அங்கே சொல்லக் கேட்டால்தான் பொருள் விளங்கும்.

ஆங்கில வினைச்சொற்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. திருச்சபையும் கல்விக்கூடமும் லத்தீனில் இயங்கின. உழுதவரும் மாடு மேய்த்தவரும் பழைய ஆங்கிலமே பேசினார்கள். அதனால் ஒரே செயலுக்கு மூன்று அடுக்கில் சொற்கள் சேர்ந்தன. கேட்பதற்கு வீட்டுச்சொல் 'ஆஸ்க்', பிரெஞ்சு வழி வந்தது 'குவெஸ்டியன்', லத்தீனிலிருந்து வந்தது 'இன்டெராகேட்'. எழுவதற்கும் ஏறுவதற்கும் 'ரைஸ்', 'மவுன்ட்', 'அசெண்ட்'. முதல் அடுக்கு எல்லா வீட்டிலும் புழங்கும். மேல் அடுக்கு புத்தகத்திலும் அலுவலகத்திலும் புழங்கும். இணைச்சொல் கேள்வி பெரும்பாலும் கீழ் அடுக்குச் சொல்லைக் கொடுத்து மேல் அடுக்குச் சொல்லைக் கேட்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பிரிவினை இன்னும் பத்து வயதுப் பிள்ளையின் விடைத்தாளில் வேலை செய்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலை இங்கே விசித்திரமானது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஆங்கிலம் படித்த பெற்றோருக்கு அலுவலக ஆங்கிலம் கைவந்தது. 'கமென்ஸ்', 'பர்சேஸ்', 'போஸ்ட்போன்' எல்லாம் சரளமாக வரும். தடுமாற வைப்பவை 'புட் ஆஃப்', 'கிவ் இன்', 'டர்ன் டவுன்' போன்ற கூட்டு வினைகளும், நடையின் வகைகளைச் சொல்லும் சிறு சொற்களும்தான். ஹாயாக உலாவுவது 'ஸ்ட்ரோல்', களைப்போடு காலை இழுத்து நடப்பது 'ட்ரட்ஜ்', தள்ளாடுவது 'ஸ்டாகர்'. இவை கோப்பில் வராது; குழந்தைக் கதைப் புத்தகத்தில்தான் வரும். உள்ளூர்த் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கோ நிலைமை நேர்மாறு: கூட்டு வினைகள் தண்ணீர் பட்ட பாடு, லத்தீன் சொற்கள் எட்டாத உயரம். ஒரே கேள்வித்தாள் இரண்டு பிள்ளைகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் சறுக்கவிடுகிறது. இருவரின் யோசிக்கும் திறனைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

இதற்கு மேல் பொறி வைத்த சொற்கள் வேறு. வானிலை என்று அறிந்த 'வெதர்', வினையாக வரும்போது இடரைத் தாங்கிக் கடப்பது. துறைமுகமான 'ஹார்பர்', வினையானால் அடைக்கலம் கொடுப்பது. மனத்துக்குள் வஞ்சத்தை வளர்ப்பதும் அதுவே. கணவனைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்', வினையில் சிக்கனமாகக் கையாள்வது. 'டிக்லைன்' என்றால் மறுப்பதும் ஆகும், குறைவதும் ஆகும். இந்தச் சொற்கள் அழகானவை, தெரிந்துகொள்ள வேண்டியவை. ஆனால் 37 விநாடிக்குள் இவற்றைக் கண்டுபிடிக்க எந்தத் தருக்கமும் உதவாது. முன்பே கேள்விப்பட்டிருந்தால் விடை தெரியும், இல்லாவிட்டால் ஊகம்தான். சொல்வழித் தருக்கம் என்ற பெயரில் நினைவாற்றலும் வாய்ப்பும் சோதிக்கப்படுகின்றன.

பாடம் பின்னால், தேர்வு முன்னால்

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் வெர்பல் ரீசனிங் என்று ஒரு பாடமே கிடையாது. சொற்கள் பொருளால் எப்படி உறவாகின்றன, இணைச்சொல் எது, எதிர்ச்சொல் எது என்பதை அந்தப் பாடத்திட்டம் ஆறாம் ஆண்டு இலக்கணத்தில் வைத்திருக்கிறது. லெவன் பிளஸ் நடப்பதோ ஆறாம் ஆண்டு தொடங்கிய சில நாள்களில். பள்ளி அந்தப் பாடத்துக்கு வருவதற்குள் தேர்வு முடிந்துவிடும். அப்படியானால் பிள்ளை அதை எங்கே கற்றிருக்க வேண்டும்? வீட்டில், அல்லது டியூஷனில், அல்லது கட்டணம் வாங்கும் தனியார் தொடக்கப் பள்ளியில். வேறு இடம் இல்லை.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. சட்டன் டிரஸ்ட் அமைப்பு 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கிராமர் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற ஏழைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அதே வட்டாரங்களில் உள்ள மற்றப் பள்ளிகளில் அவர்கள் நூற்றுக்குப் பதினெட்டு பேர். அரசுப் பள்ளி அல்லாத இடங்களிலிருந்து, பெரும்பாலும் தனியார் தொடக்கப் பள்ளிகளிலிருந்து, வந்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் இருந்தார்கள். கிராமத்து ஏழைப் பிள்ளையைத் தேடிப் புறப்பட்ட தேர்வு, நூறாண்டில் வந்து சேர்ந்த இடம் இது.

நிர்வாகங்களுக்கு இது தெரியாமல் இல்லை. டியூஷனால் வெல்ல முடியாத தேர்வு என்ற நம்பிக்கையோடு, டரம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'செம்' மையத்தின் தேர்வுக்குப் பக்கிங்ஹாம்ஷயர் 2013-ல் மாறியது. அந்தத் தேர்வு சொல்வளத்துக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுத்தது. பயிற்சி நிலையங்கள் உடனே இன்னும் நீண்ட சொற்பட்டியல்களைத் தயாரித்தன. சில ஆண்டுகளில் அந்த மாவட்டம் பழைய 'ஜி.எல்.' நிறுவனத் தேர்வுக்கே திரும்பிவிட்டது. சொல்வளத்தை அளக்கும் எந்தத் தேர்விலும் பணம் நுழைய வழி இருந்துகொண்டே இருக்கும். ஏனெனில் சொல்வளம் ஆண்டுக்கணக்கில் சேர்வது. அதற்கான நேரத்தையும் ஆளையும் பணத்தால் வாங்க முடியும்.

எதிர்வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். சொல்வளம் மிக்க பிள்ளை பிற்காலத்தில் நன்றாகப் படிக்கிறது என்பது ஆய்வில் நிலைபெற்ற உண்மை. படிக்கத் தெரிந்த பிள்ளை மேலும் படிக்கிறது, மேலும் சொல் சேர்க்கிறது. தடுமாறும் பிள்ளை பின்தங்கிக்கொண்டே போகிறது என்று வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச் 1986-ல் எழுதியது இன்றும் கல்வியாளர்களால் எடுத்துக் காட்டப்படுகிறது. அப்படியென்றால் இணைச்சொல் கேள்வி நல்ல முன்னறிவிப்புதானே? முன்னறிவிப்பாக இருக்கலாம். ஆனால் முந்தியிருப்பவன் மேலும் முந்துவான் என்று தெரிந்த பிறகு, பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி அவனுக்கே முதலிடம் கொடுப்பது எந்த வகை நீதி? பின்தங்கிய பிள்ளைக்கு அல்லவா சொல் அதிகம் தேவை?

சொல்லை எப்படிப் பழகுவது?

தேர்வு மாறும்வரை பெற்றோர் காத்திருக்க முடியாது. எனவே பழகும் முறையைப் பற்றியும் பேச வேண்டும். பட்டியலை மனப்பாடம் செய்வது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு ஒப்பித்தவர்கள் நம் முன்னோர். திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் செயலைப் பற்றிய பெயர்களுக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமிருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் நிகண்டு ஒப்பித்த பிள்ளைக்கு அடுத்த படியில் இலக்கியம் இருந்தது. கற்ற சொல் மறுபடி மறுபடி பாட்டில் எதிர்ப்பட்டது. லெவன் பிளஸ் அட்டையில் உள்ள சொல்லோ தேர்வு அறையோடு முடிந்துவிடுகிறது.

அட்டைப் பழக்கத்தின் பெரிய தீங்கு, இணைச்சொற்கள் இரண்டும் ஒன்றே என்று பிள்ளையை நம்பவைப்பது. எந்த மொழியிலும் இரண்டு வினைகள் முழுக்க ஒன்றாவதில்லை. நம் சமையலறையையே பாருங்கள். வாழைக்காயைச் சீவுகிறோம், வெங்காயத்தை நறுக்குகிறோம், கீரையை ஆய்கிறோம், கறிவேப்பிலையை உருவுகிறோம், கொத்தமல்லியைக் கிள்ளுகிறோம். வயலில் கதிரை அறுக்கிறோம், தோட்டத்தில் பூவைப் பறிக்கிறோம். பல்தேர்வு வினாத்தாளில் இவற்றில் சிலவற்றை 'வெட்டு' என்பதன் இணைச்சொல் என்று போட்டுவிடலாம். ஆனால் கீரையை வெட்டு என்று சொல்லும் பிள்ளைக்குச் சமையலும் தெரியாது, தமிழும் தெரியாது. இந்த வேறுபாடுகளை யாரும் அட்டை வைத்து நமக்குச் சொல்லித் தரவில்லை. கையில் காயும் அரிவாள்மனையும் இருந்தன. பக்கத்தில் பேசிக்கொண்டே வேலை செய்யும் ஒருவர் இருந்தார்.

ஆங்கில வினைகளுக்கும் வழி இதுவே. பிள்ளையோடு ஒரு கதையை உரக்க வாசியுங்கள். 'அவன் சொன்னான்' என்று வரும் இடத்தில் முணுமுணுத்தானா, கெஞ்சினானா, அதட்டினானா, ஒப்புக்கொண்டானா என்று கேளுங்கள். ஒரு சொல்லை மாற்றினால் ஆள் எப்படி மாறுகிறான் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். 'ட்ரட்ஜ்' என்ற சொல்லுக்கு நடந்து காட்டச் சொல்லுங்கள். கூடம் சிரிப்பில் நிறையும், சொல் மறக்காது. கற்ற சொல்லை அடுத்த நாளும் அடுத்த வாரமும் ஒருமுறை பேச்சில் கொண்டுவாருங்கள். இடைவெளி விட்டு நினைவூட்டுவது ஒரே மூச்சில் நூறு சொல் உருப்போடுவதைவிடப் பலன் தரும் என்பது உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-ல் நினைவாற்றல் ஆய்வை வெளியிட்ட காலத்திலிருந்து தெரிந்த செய்தி. எல்லாச் சொல்லுக்கும் சம நேரம் வேண்டாம். கல்வி ஆய்வாளர் இசபெல் பெக்கும் அவருடைய சகாக்களும் சொல்வதுபோல், அன்றாடப் பேச்சில் அருகியும் எல்லாப் பாடப் புத்தகங்களிலும் பரவலாகவும் வரும் நடு அடுக்குச் சொற்களே கற்பிக்கத் தகுந்தவை. 'ஹஸ்பண்ட்' என்பதை வினையாக அறியாமலே ஒருவர் நிறைவாக வாழ்ந்துவிடலாம். 'கன்சீல்', 'டிக்லைன்' தெரியாமல் மேல்வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வளர வேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்துவது இரட்டை இழப்பு. ஒரு மொழியில் வேரூன்றிய கருத்து மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களிலிருந்து வலியுறுத்திவருகிறார். முணுமுணுப்பதும் அதட்டுவதும் வேறு என்று தமிழில் உணர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிதாகத் தேவைப்படுவது ஒலி வடிவம் மட்டுமே. வேறுபாட்டையே உணராத பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் வெற்று ஒலிதான் மிஞ்சும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நிறுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியது என்ன?

மாற்று வழி தொலைவில் இல்லை. வட அயர்லாந்தில் அரசு நடத்திய கடைசித் தேர்வு 2008-ல் நடந்தது. பின்னர் பள்ளிகளே கூட்டாகத் தேர்வுகளை நடத்தின. 2023 முதல் அங்கு நடக்கும் பொது நுழைவுத் தேர்வில் மொழியும் கணக்கும் மட்டுமே உண்டு. வெர்பல் ரீசனிங் இல்லை. தொடக்கப் பள்ளிப் பாடத்தை ஒட்டியே கேள்விகள் அமைகின்றன. ஐரிஷ் வழியில் படிக்கும் பிள்ளைகள் அந்த மொழியிலேயே எழுதலாம். அங்கும் டியூஷன் உண்டு, பதற்றமும் உண்டு. பதினோரு வயதில் தரம் பிரிப்பதே சரியா என்ற பெரிய கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு குறை அங்கு தீர்ந்திருக்கிறது: பள்ளி சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டுப் பிள்ளையைத் தோற்கடிப்பதில்லை.

இங்கிலாந்து குறைந்தபட்சம் அந்த அளவுக்காவது வர வேண்டும். சூழல் இல்லாமல் தனியாக நிற்கும் இணைச்சொல் கேள்விகளை அரசுப் பள்ளி நுழைவுத் தேர்விலிருந்து எடுத்துவிட வேண்டும். சொல்லைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றால், ஒரு பத்தியைக் கொடுத்து, அதற்குள் சொல் என்ன வேலை செய்கிறது என்று கேட்கலாம். அங்கே யோசிக்கும் பிள்ளைக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்கும். இணைச்சொல் பாடத்தை ஆறாம் ஆண்டு வரை தள்ளிப்போடாமல் முந்தைய ஆண்டுகளுக்குக் கொண்டுவந்து, எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் கற்பிக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீட்டில் முன்னுரிமை தரும் வழக்கத்தைச் சில கிராமர் பள்ளிகள் ஏற்கெனவே தொடங்கியிருக்கின்றன. அதை எல்லாப் பள்ளிகளுக்கும் விதியாக்க வேண்டும்.

அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. தேர்வில் வென்ற குடும்பம் தேர்வைக் கேள்வி கேட்பதில்லை. தோற்ற குடும்பத்தின் குரல் எடுபடுவதில்லை. வென்றவர்கள் பேச வேண்டும். பள்ளி நிர்வாகக் குழுக்களிலும் உள்ளூராட்சி மன்றங்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அங்கே இதை எழுப்ப வேண்டும். இடம் கிடைக்காத பிள்ளையிடம், 37 விநாடியில் ஒரு சொல் நினைவுக்கு வராததற்கும் அதன் அறிவுக்கும் தொடர்பில்லை என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.